கண்டுபிடிச்சது நான்தான்

— இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே. யாரு செஞ்சதுன்னு உலகமே தேடுற அந்தக் கிரிப்டோ காசை யாரு கண்டுபிடிச்சது?

— நான்தான் மேடம். எத்தனை தடவை கேட்டாலும் நான்தான்.

— லிஃப்ட் ரிப்பேர் பண்ற நீங்க?

— ஏன், லிஃப்ட் மெக்கானிக்னா மூளை இருக்கக் கூடாதா?

— அய்யய்யோ, அப்படிச் சொல்லல. இந்த ஆடிட்டர் ஆபீஸுக்கு நான் தினம் மேல வர்றதே உங்க கை பட்ட லிஃப்ட்லதானே... சரி, கண்டுபிடிச்சவர் கைக்கு ஆரம்பத்துல வந்த காசெல்லாம் எங்க இருக்கு?

— வீட்டுல... பீரோவுல.

— அது எடுத்து அடுக்கி வைக்கிற காசு இல்லண்ணே. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற கணக்கு.

— அதான்... கம்ப்யூட்டரைத்தான் பீரோவுல வச்சிருக்கேன்.

— நல்லா சமாளிக்கிறீங்க! வரி ஆபீசர் முன்னாடியும் இதையேதான் சொல்லப் போறீங்களா?

— நாளைக்குச் சத்தியம் பண்ணியே சொல்லப் போறேன். நீங்க கூட வந்து நின்னா போதும்.

— சொன்னப்புறம் என்ன ஆகும்னு தெரியுமா?

— தெரியாது. சொல்லுங்க.

— ஆரம்பத்துக் காசு மொத்தமும் உங்களுதுன்னு எடுத்துப்பாங்க. அத்தனைக்கும் வரி. இத்தனை வருஷம் மறைச்சதுக்கு வட்டி, அபராதம்...

— கட்டுறேன்.

— எதை வச்சு? வீட்டை வித்தாலும் ஒரு ஓரத்துக்குப் பத்தாது. கம்ப்யூட்டர்ல அந்தக் காசுக் கணக்கைத் திறந்து காட்டுன்னு கோர்ட்டு கேக்கும். உங்களால முடியாது. ஒளிச்சு வச்சிருக்கார்னு இன்னொரு கேஸ். 'ஐயா, பொய் சொல்லிட்டேன்'னு அப்பப் போய் அழுதா, பொய்ச் சத்தியத்துக்குத் தனியா...

— ஜெயிலா?

— ஜெயிலும்தான்.

— அப்ப... வேற யாரையும் தேட மாட்டாங்கல்ல?

— என்ன கேட்டீங்க?

— இல்ல... ஆளு கிடைச்சாச்சுன்னா, அப்புறம் வேற யாரையும் போட்டுத் தொந்தரவு பண்ண மாட்டாங்கல்ல?

— வரி ஆபீஸ் நோட்டீஸ் உங்க பையன் பேருக்குத்தானே வந்துச்சு?

— அவனை எதுக்கு இழுக்கிறீங்க...

— அண்ணே.

— எல்லாம் என் வாய் பண்ண வேலை மேடம். 'அப்பா, எல்லாரும் பேசுற அந்தக் காசு நான் கண்டுபிடிச்சது, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னான். எனக்குத் தலைகால் புரியல. ஏறி இறங்குன லிஃப்ட்டுல எல்லாம் 'என் புள்ள, என் புள்ள'ன்னு சொல்லிட்டேன். அதுல ஒரு டிவிக்காரனும் நின்னிருக்கான், நியூஸ்ல போட்டுட்டான். நோட்டீஸ் வந்தன்னைக்கு வீட்டை விட்டுப் போனவன்தான் என் புள்ள...

— போன்?

— நம்பரை மாத்திட்டான். பழைய செருப்பு வாசல்லயே கிடக்கு, எடுத்து உள்ள வைக்க மனசு வரல. எங்க மாடியில லிஃப்ட் வந்து நிக்கிற சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் பாக்குறேன். எதிர்வீட்டுக்காரங்க இறங்குறாங்க...

— வந்தா என்ன சொல்லுவீங்க?

— என்னத்தச் சொல்ல... சாப்டியாடான்னு கேப்பேன். வேலைவெட்டி இல்லாம கம்ப்யூட்டரே கதின்னு கிடந்தப்ப தண்டச்சோறுன்னு எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அந்த வாயாலதான் நாளைக்கு 'நான்தான்'னு சொல்லப் போறேன். அவன் வீட்டுக்கு வரட்டும் மேடம், நான் உள்ள போறேன்.

— யாரும் உள்ள போக வேண்டாம். வாய்ப் பேச்சுக்கு எந்த ஊர்லயும் வரி இல்லண்ணே, காசு இருந்தாத்தான் வரி. இன்னும் யாரும் சத்தியம் பண்ணல. உண்மையைச் சொல்லிட்டா கேஸ் நிக்காது.

— எந்த உண்மையை?

— அது என் வாயால வரக் கூடாது... கோச்சுக்காதீங்க. மேஜை மேல என் போனைக் கவுத்து வச்சிருக்கேன்ல? நீங்க வந்ததுலேர்ந்து அது ஆன்லதான் இருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க பையன் கூப்பிட்டுட்டான்.

— யாரு... டேய்... டேய் கண்ணா, சாப்டியாடா?

— அப்பா... அதை நான் கண்டுபிடிக்கலப்பா. உங்க வாயால ஒரு தடவை 'என் புள்ள'ன்னு கேக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்.