பச்சையில் நின்ற படம்

எண்ணூரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வெளியே தார் உருகும் வெயில். என் அறையில் மட்டும் ஏசி சித்திரை மாதத்தில் மார்கழி நடத்தும். வண்ணாரப்பேட்டை நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய பழுப்பு ஸ்வெட்டர் அது. குழாய் ஃபிட்டர் யேசுதாஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணாடியைத் தட்டுவார். "இன்னா சார், ஊட்டிக்குக் கெளம்பிகினியா?" என்பார். நானும் சிரிப்பேன். நல்ல மனிதர்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, ஐயா. இணைப்பு அறுந்துபோனால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் என்ன தெரியும் என்று கேட்டீர்கள். சரியான கேள்வி. முன்பு விசாரித்தவர்கள் இப்படிக் கேட்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த சங்கமித்ராவின் தம்பி சித்தார்த் மனு மேல் மனு போட்டு, மறுவிசாரணைக்கு உங்களை இங்கே வரவழைத்திருக்கிறான். பையனைப் பாராட்டத்தான் வேண்டும். கேட்டதால் சொல்கிறேன். கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

இரண்டாயிரத்து ஏழில் அந்த எண்ணெய்க் கிடங்கில் எனக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. கட்டுப்பாட்டு அறை கடலோரம் இருந்தது. மேசைக்கடியில் வைத்த கம்ப்யூட்டர்களை எல்லாம் உப்புக்காற்று தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அதனால் மெஷின்களை அங்கிருந்து எடுத்து, மெயின் கேட் அருகே என் குளிர் அறைக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. பிளேடு என்று பெயர். மெல்லிசான மெஷின்கள், அலமாரியில் புத்தகம் செருகுவது மாதிரி வரிசையாகச் செருகி வைக்கலாம். மேசையில் திரையும் கீபோர்டும் ஒரு சின்னப் பெட்டியும் மட்டும் இருக்கும். குளிர் அறையில் பிளேடு வரையும் படம் கேபிள் வழியாக வந்து அந்தப் பெட்டியின் மூலம் திரையில் தெரியும். பார்ப்பவருக்கு மெஷின் காலடியில் இருப்பதாகவே தோன்றும்.

அவற்றை ஓட்டும் லினக்ஸ் மென்பொருளை ஏற்றியது முழுக்க நான்தான். முதல் பிளேடு ஒரு வாரம் என்னைப் படுத்தி எடுத்தது. பிளேடுக்கு மானிட்டர் கிடையாது இல்லையா, அதனால் அதன் கிராஃபிக்ஸ் கார்டு, யாரும் பார்க்கவில்லையே, நான் எதற்கு வரைய வேண்டும் என்று சும்மா இருந்துவிடும். மானிட்டர் இருக்கிறது, இன்ன அளவு, இன்ன வகை என்று ஒரு பொய்யை அதற்கு எழுதி வைக்க வேண்டும். பிறகு சமர்த்தாக வரையும். ஒன்று சரியாக வந்ததும் அதையே மற்றவற்றுக்கு நகல் எடுத்தேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. என் அப்பா துறைமுக ரயில்வேயில் கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்தவர். என் கை சுத்தமாக இருந்தது.

தொல்லை கேபிளில்தான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து, எண்ணெய்க் குழாய்களைத் தாங்கும் இரும்புப் பாலத்தின் மேல் ஓடி, கேட் பக்கத்து ஜங்ஷன் பெட்டியில் இணையும். வெளியே கன்டெய்னர் லாரிகள் போகும் அதிர்விலும் உப்பிலும் அந்த இணைப்பு அவ்வப்போது விட்டுப்போகும். சற்று நேரத்தில் தானே வந்துவிடும். விட்டுப்போகும்போது திரை மங்கி, நடுவில் ஒரு கட்டம் வந்து, தொடர்பு இல்லை என்று சொல்லும். ஆபரேட்டர்கள் உடனே எனக்குப் போன் போடுவார்கள். ஒருநாள் மேனேஜர் அப்பாவு நேரில் வந்து நின்றார்.

"ரோஷன், உன் லினக்ஸும் வேணாம் கினக்ஸும் வேணாம். இன்னொரு தபா அந்தக் கட்டம் வந்துச்சுன்னா பழைய பொட்டிங்களையே தூக்கியாந்து வெச்சுடுவேன்" என்றார்.

பழைய பெட்டிகள் திரும்பி வந்தால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புதுக் கேபிள் கேட்டிருக்கலாம். கேட்டால், முதலிலேயே ஏன் பார்க்கவில்லை என்ற பேச்சு வரும். அந்தக் கட்டம் வரக்கூடாது என்றுதானே சொன்னார். திரைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் செட்டிங்கில் ஒரு வரி உண்டு. தொடர்பு போனபின் எவ்வளவு நேரம் பொறுத்து எச்சரிக்க வேண்டும் என்பது. அதை நாள் முழுக்கப் பொறுக்கும்படி மாற்றினேன். அதன்பிறகு கேபிள் விட்டுப்போனால் திரை மங்காது, கட்டம் வராது. கடைசியாக வந்த படம் அப்படியே தெளிவாக நிற்கும். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான், ஐயா. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

கேபிளைச் சரிசெய்துவிட்டேன் என்று அப்பாவு நினைத்துக்கொண்டார். முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

சங்கமித்ரா மட்டும் கவனித்தாள். வியாசர்பாடிப் பெண், டிப்ளமோ முடித்து, கட்டுப்பாட்டு அறையில் பகல் ஷிப்ட் பார்த்தாள். கூர்மையான பெண் என்பதில் எனக்கு எந்த சந்தேகமும் இருந்ததில்லை. ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணா, ஸ்க்ரீன்ல கீற கடியாரம் நின்னு நின்னு ஓடுது. இன்னான்னு பாக்கறியா?"

"அது சும்மா அழகுக்கு வெச்சதும்மா. எடுத்துடறேன்" என்றேன்.

எடுத்துவிட்டேன். சுவரில்தான் ஒரு கடிகாரம் இருக்கிறதே. "தேங்க்ஸ்ணா" என்றாள். அதன்பின் என் போன் அடிக்கவே இல்லை. மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்தேன்.

இப்போது குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யார்டின் கோடியில் கழிவு எண்ணெய் வடியும் குழி ஒன்று உண்டு. அதில் விஷவாயு சேரும். அழுகிய முட்டை நாற்றம். ஆனால் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. எங்கள் பக்கத்தில் மூக்கை யார் நம்புகிறார்கள். யேசுதாஸுக்கு உதவியாளாக இருந்த நீலமேகம் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையில் வளர்ந்தவன். நாற்றம் அவனுக்கு ஒரு செய்தியே இல்லை. குழியருகே ஒரு சைரன் இருந்தது. உப்புப் பிடித்துக் காரணமில்லாமல் கத்துகிறது என்று நான் வருவதற்கு முன்பே அதன் ஒயரைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். கையில் பிடிக்கும் மீட்டர் ஒன்று ஸ்டோரில் பத்திரமாக இருந்தது. ஆகவே அங்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. குழிக்குள் இறங்குகிறவர் வாக்கிடாக்கியில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, "பச்சையா?" என்று கேட்பார். திரையில் குழியின் சென்சார் ஒரு வட்டமாகத் தெரியும். பச்சை என்றால் இறங்கலாம். சிவப்பு என்றால் டீ குடிக்கப் போகலாம். எல்லோரும் அந்த வட்டத்தை நம்பினார்கள். அந்த வட்டத்தை வரைவது என் பிளேடு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை, டீ நேரம் முடிந்த பிறகு, குழியின் அடியில் பம்ப் அடைத்துக்கொண்டது. என் அறையிலும் ஒரு திரை உண்டு. அதே பிளேடின் படத்தை நானும் பார்க்கலாம். எனக்கும் பிளேடுக்கும் நடுவே அந்தக் கேபிள் கிடையாது, அதனால் என் படம் எப்போதும் நிஜம். கட்டுப்பாட்டு அறைத் தொடர்பு விட்டுப்போயிருப்பதைப் பார்த்தேன். தானே வரும் என்று விட்டுவிட்டேன். வரவில்லை. அதற்குள் குழியின் வட்டம் மஞ்சளாகி, பிறகு சிவப்பானது.

அப்போதுதான் மேசையில் இருந்த வாக்கியில் யேசுதாஸின் குரல் கேட்டது.

"சங்கமித்ராம்மா, குழியாண்ட கீறேன். பச்சையா?"

"பச்சைதாண்ணே. எறங்கு."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் திரையில் பச்சைதான். என் திரையில் சிவப்பு. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

வாக்கியின் பட்டனை அழுத்தி, இறங்காதே என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அதை நான் மறைக்கப் போவதில்லை. சொல்லியிருந்தால், உனக்கெப்படித் தெரியும், அவளுக்கு ஏன் தெரியவில்லை என்று யார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அப்பாவு கையிலும் ஒரு வாக்கி இருந்தது. நான் நிதானமாக யோசித்தேன். தொடர்பு மட்டும் வந்துவிட்டால் அவள் திரை தானாகவே சிவப்பாகும். அவளே பார்த்து, அவளே நிறுத்திவிடுவாள். யாருக்கும் எந்தக் கேள்வியும் வராது. எல்லோருக்கும் நல்லது.

எழுந்து ஜங்ஷன் பெட்டிக்கு நடந்தேன். ஓடவில்லை, ஓடினால் கேட் வாட்ச்மேன் ஏன் என்று கேட்பார். பெட்டியைத் திறந்து, இணைப்பைக் கழற்றி, உப்பைத் துணியால் துடைத்து, திரும்பச் செருகினேன். அவசரத்தில் செருகினால் சரியாக உட்காராது என்பதால் பொறுமையாகவே செய்தேன். என் இடுப்பில் இருந்த வாக்கியில் சங்கமித்ரா அலறினாள்.

"யேசுதாஸ்ணே, மேல வா. செவப்பு, செவப்பு. ஐயோ, மேல வாண்ணே."

யேசுதாஸ் பதில் சொல்லவில்லை. நீலமேகத்தின் குரல்தான் வந்தது. "அண்ணன் வியுந்துட்டாரு. கண்ணுக்குத் தெரியுறாரு. நான் போயி தூக்கியாறேன்." போகாதே போகாதே என்று அவள் கத்தியது எனக்கு இன்றும் கேட்கிறது. அவன் போனான். பிறகு வாக்கி சும்மா இருந்தது.

எல்லோரும் குழிக்கு ஓடினார்கள். அவளும் செருப்பில்லாமல் ஓடினாள். கட்டுப்பாட்டு அறை காலியாகக் கிடந்தது. நான் என் நாற்காலிக்குத் திரும்பி, அங்கிருந்தபடியே கேபிள் வழியாக அவள் மேசையில் இருந்த சின்னப் பெட்டிக்குள் நுழைந்து, எச்சரிக்கை வரியைப் பழையபடி மாற்றினேன். கடிகாரத்தையும் அதன் இடத்தில் வைத்தேன். இவ்வளவு தூரத்திலிருந்து இதையெல்லாம் செய்ய முடிகிறது என்பதுதான் பிளேடின் வசதி. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பிறகுதான் குழிக்குப் போனேன். அந்த வெயிலில் ஸ்வெட்டரோடு நின்றால் நன்றாக இருக்காது.

விசாரணைக் குழு வந்தது. பிளேடு பதிந்து வைத்திருந்ததைக் கேட்டார்கள், காட்டினேன். யேசுதாஸ் இறங்குவதற்கு முன்பே வட்டம் சிவப்பாகியிருந்தது. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று செய்து காட்டச் சொன்னார்கள். எல்லோர் முன்னாலும் கேபிளைப் பிடுங்கினேன். திரை மங்கியது, நடுவில் கட்டம் வந்தது.

சங்கமித்ரா என்னையே பார்த்தாள். "அன்னிக்கு இப்டி வர்ல சார். இந்தக் கடியாரமும் அன்னிக்கு இல்ல. அண்ணா, நீயே சொல்லுண்ணா" என்றாள்.

"கடிகாரம் இருக்கிறதே, சார்" என்றேன். இருந்தது. மற்ற ஷிப்டுக்காரர்களைக் கேட்டார்கள். கடிகாரம் முன்பு இருந்ததா இல்லையா என்று ஒருவருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. யேசுதாஸின் மனைவி சிலுவையம்மாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். சங்கமித்ரா வெளியே வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு சங்கமித்ராவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது, ஐயா.

அவள் சோறு தின்னவில்லை, தூங்கவில்லை என்று அவள் அப்பா பீம்ராவ் என்னைத் தேடி வந்தார். "கண்ணுல இன்னாவோ கோளாறு கீதுன்னு சொல்லிகினே கீதுப்பா. பச்சை எது செவப்பு எதுன்னு என்னையே கேக்குது. நீ வெவரம் தெரிஞ்ச புள்ள. ஒரு டாக்டராண்ட காட்டேன்" என்றார். கேட்டதும் மறுநாளே ஆட்டோ வைத்து வண்ணாரப்பேட்டையில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். புள்ளி புள்ளியாக நிறம் போட்ட அட்டைகளைக் காட்டி, அதற்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒவ்வொன்றும் சரியாகச் சொல்லச் சொல்ல அவள் முகம் செத்துக்கொண்டே வந்தது. கண்ணில் குறை இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்கிக்கொண்டு வந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண் அருமையாக இருக்கிறதம்மா, ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சிரித்தார்.

வெளியே வந்து, துணிக்கடை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"கண்ணு நல்லாத்தான் கீதாம் அண்ணா. அப்போ அது செவப்பாத்தான் இருந்துகீது. நான்தான் பச்சைன்னு சொல்லி ரெண்டு உசுர எறக்கி உட்டுட்டேன். நான் ஒத்துக்கறேண்ணா. எனக்கு இப்போ எய்த வராதுண்ணா. நீ எய்திக் குடு."

அவளைத் தடுக்க என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. அதற்குப் பதிலாகப் பேனாவை எடுத்தேன். கவனக்குறைவாக இருந்துவிட்டேன், சிவப்பைப் பார்க்கத் தவறிவிட்டேன் என்று தெளிவான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டாள். பிறகு அதை வைத்துத்தான் அவளை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

அன்று அந்த வாசற்படியில் ஜனம் எங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நல்லது கெட்டது எதுவானாலும் முழுதாக எழுத வேண்டும் என்று சொன்னீர்கள் அல்லவா, ஐயா. அந்தப் பெண்ணை வீட்டு மனிதர்கள் தவிர எல்லோரும் கைவிட்டிருந்த நேரத்தில், பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னவன் நான் ஒருவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.