கையை எடுக்காத முத்துக்கனி

மதியம் ஒன்றே முக்கால். குலசேகரத்தைத் தாண்டி மலைப்பக்கம் போகிற ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர் மரம்... ஆளில்லை, வண்டியில்லை. ஒரே ஒரு ஆட்டோ மட்டும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு இறங்கி வருகிறது.

சிரிக்காதீர்கள். பேய்க்கதையைப் பட்டப்பகலில் ஆரம்பிக்கிறாளே என்றுதானே? உச்சிப் பொழுதில் தனியாகத் தோட்டத்துக்குப் போகாதே என்று உங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லையா? நெருங்கி உட்காருங்கள், கரண்ட் வர நேரமாகும். இது பிரிஜாவின் சித்தி மகள் ஜெஸ்மிக்கு நடந்தது. பிரிஜா என்னோடு மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தவள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் வைவா பரீட்சையில் வாயாலேயே தேறியிருப்பாள்.

ஜெஸ்மி அப்போது ஹவுஸ் சர்ஜன். ஊரில் டாக்டர், ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் எடுபிடி. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சின்ன இடம். இரண்டே வென்டிலேட்டர்.

ஆட்டோவில் முருகதாஸ், பத்தொன்பது வயது. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் நல்ல பாம்பு கடித்துவிட்டது. பச்சிலை கட்டிப் பார்த்து, யார் யாரிடமோ காட்டி, கடைசியில்தான் ஆஸ்பத்திரி. நம் ஆட்களைத்தான் தெரியுமே. வரும்போதே இமை இரண்டும் தொங்கிவிட்டன. கூட வந்தது அவன் அம்மா முத்துக்கனி மட்டும். புருஷன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. அவள் கையில் ரப்பர் பால் புளித்த வாடை... தூரத்திலேயே தெரியுமே, அது.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அது வேலை செய்வதற்குள் மூச்சு அடங்கிக்கொண்டு வந்தது. பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில், ஒரு பிரசவக் கேஸில் நிற்கிறார். ஜெஸ்மியே தொண்டைக்குள் குழாயை இறக்கினாள். தனியாக அதுதான் முதல் தடவை. ஒரே முயற்சியில் இறங்கிவிட்டது. அந்த நேரத்திலும் அவளுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது, பாவம்.

இரண்டு வென்டிலேட்டரிலும் ஆள். மிஷினோடு டவுனிலிருந்து ஆம்புலன்ஸ் வர வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரம். அதுவரை குழாயின் முனையில் ஆம்பு பேக் என்கிற காற்றுப் பையை மாட்டிக் கையால் அமுக்க வேண்டியதுதான். அந்த விஷம் உடம்பைத்தான் கட்டிப்போடும். இருதயம் ஓடும், காது கேட்கும். மூச்சு மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் இரண்டு நாளில் எழுந்து கஞ்சி கேட்பான். நிறுத்தினால்... ஐந்து நிமிஷம்.

ஜெஸ்மி அமுக்கினாள். புஸ்... புஸ்... அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். அப்போதுதான் கல்யாண வேன் ஒன்று கவிழ்ந்து பதினொரு பேர் வந்தார்கள். வாசலெல்லாம் ரத்தம். நர்ஸ் ரசலையன் ஓடி வந்து, பேக்கை அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். நம் வார்டிலும் நாம் செய்கிறோமே அதை? செய்யாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

ஜெஸ்மி சொல்லிக் கொடுத்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அமுக்கு. முத்துக்கனிக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. நாலு என்கிற இடத்தில் மட்டும், சாமியைக் கூப்பிடுகிற மாதிரி, "அய்யா உண்டு" என்பாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, அய்யா உண்டு... புஸ்.

"நான் வந்து சொல்லாம கைய எடுக்கக் கூடாது, கேட்டியளா?"

"எடுக்க மாட்டேன் டாக்டரே. எம் பிள்ளைல்லா."

இடையில் இரண்டு தடவை ஜெஸ்மி எட்டிப் பார்த்தாள். முத்துக்கனி அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள். உதடு வெளுத்திருந்தது, நெற்றியில் வேர்வை. முந்தின ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஆட்டோக்காரர் சொன்னார். ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லலாம் என்று ஜெஸ்மி நினைத்தாள். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு ஜெஸ்மி ஓடினாள். அறைக்குள் சத்தமே இல்லை... முத்துக்கனி கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. பேக் பையனின் நெஞ்சில் கிடந்தது. இரண்டு பேருக்கும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். இரண்டு ஈ.சி.ஜி.யிலும் நேர்கோடு. அவளுக்கு இருதயம் நின்றிருக்கிறது. அவள் விழுந்த பிறகு அவன்... அம்மாவின் எண்ணிக்கை நின்றுபோனதைக் கேட்டபடி கிடந்திருக்கிறான்.

ரசலையன் மெதுவாகச் சொன்னார். "வெளிய போய்ச் சேதி சொல்லதுக்குச் சொந்தக்காரன்னு ஒரு ஆளு இல்ல டாக்டரே. அது ஒரு புண்ணியம்."

ஜெஸ்மிக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவளால் தன்னை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பாம்புக்கடியும் திடீர்ச் சாவும் போலீஸ் கேஸ் என்பதால் இரண்டு உடலும் போஸ்ட்மார்ட்டத்துக்காகப் பின்னாலிருந்த பிணவறையில் இருந்தன. ஆறரைக்குப் பிணவறை வைகுண்டராஜன் வந்து நின்றார். முப்பது வருஷமாகப் பிணத்தோடு இருக்கிற மனுஷன், பிணவறைக் கதவைப் பூட்டாமலே வந்திருந்தார். ஜெஸ்மியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

முருகதாஸின் நெஞ்சு ஏறியது. இறங்கியது.

ஜெஸ்மி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். துடிப்பு இல்லை. உடம்பு ஜில்லென்று இருந்தது, தாடை விறைத்துவிட்டது. ஆனால் நெஞ்சுக்குள் காற்று போய் வந்தது. புஸ்... அவள் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலாவது எண்ணும்போது காதுக்குப் பக்கத்தில் ரப்பர் பால் வாடை.

"அம்மா," என்றாள். "போதும். கைய எடுங்க."

நெஞ்சு ஏறியது. இறங்கியது.

வைகுண்டராஜன் கதவுப் பக்கம் நின்றபடியே சொன்னார். "எதுக்கு எடுக்கணும்னு சொல்லலியே டாக்டரே. பெத்தவ சும்மா விடுவாளா?"

என்ன சொல்ல வேண்டும் என்று ஜெஸ்மிக்குத் தெரியும். அதற்கு வகுப்பே உண்டு. உட்காரு, முகத்தைப் பார், இறந்துவிட்டார் என்று தெளிவாகச் சொல். பரீட்சையில் அதை எழுதி முழு மார்க் வாங்கியவள் அவள். ஆனால் அந்தச் சொல்லை இதுவரை எந்தத் தாயிடமும் சொன்னதில்லை. வாயைத் திறந்தாள். தினமும் வராந்தாவில் காத்திருப்பவர்களிடம் சொல்வதுதான் வந்தது.

"மிஷின் வந்தாச்சும்மா. பிள்ளைய மாட்டியாச்சு. இனி அது பாத்துக்கிடும். முழிச்சதும் சொல்லுதேன்... நீங்க போய்ச் சித்த நேரம் இருங்க."

நெஞ்சு இறங்கியது. அப்புறம் ஏறவில்லை. வாடையும் போய்விட்டது. அன்று ராத்திரி ஜெஸ்மி நன்றாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள். காஷுவால்டியில் குனிந்து கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் அந்த வாடை.

"டாக்டரே... எம் பிள்ளை முழிச்சானா?"

நிமிராமலே, "இன்னும் இல்லம்மா," என்றாள் ஜெஸ்மி. பழக்கம். சொன்ன பிறகுதான் கையிலிருந்து பேனா விழுந்தது. பின்னால் யாரும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு டியூட்டியிலும் அந்தக் கேள்வி வந்தது. கோபம் இல்லை, அழுகை இல்லை. வராந்தாவில் காத்திருக்கிற எந்த அம்மாவும் கேட்கிற மாதிரி, தொந்தரவு கொடுக்கிறோமே என்ற தயக்கத்தோடு. ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிடத்தான் ஜெஸ்மி வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் "இன்னும் இல்லம்மா"தான் வந்தது. சொல்லச் சொல்ல, மாற்றிச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. நான்கு மாதம். ஆள் பாதியாகிவிட்டாள்.

ஹவுஸ் சர்ஜன்சி முடிகிற நாள். சாமான்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது வேறு கேள்வி வந்தது.

"டாக்டரே, எந்த மிஷின்ல கெடத்திருக்கிய? இங்க ரெண்டுலயும் பாத்தேன். அவன் இல்லயே..."

ஜெஸ்மி பையை அப்படியே போட்டாள். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள் என்கிறாள் பிரிஜா.

அடுத்த மாதம் தூரத்து ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே எட்டு வென்டிலேட்டர். முதல் நாள் நைட் டியூட்டி. காஷுவால்டியில் கேள்வி இல்லை, வாடை இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள். விடிந்ததும் காபி குடிக்கப் போகிற வழியில், ஐ.சி.யூ. சிஸ்டர் ஒருத்தி நைட்டில் இருந்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். மிஷினில் நினைவில்லாமல் கிடப்பவர்களுக்குக் கண் காய்ந்துபோகாமல் இருக்க இமையை மூடி டேப் ஒட்டி வைப்போம் இல்லையா? அந்த டேப்பை யாரோ உரித்திருக்கிறார்கள், டேப்பில் புளித்த ரப்பர் பால் வாடை. வலிக்காமல், மெதுவாக உரித்து, கட்டில் கம்பியில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேருக்கும்.