கழிக்காத இரண்டு அங்குலம்

இடுப்பளவு எடுக்கும்போது ஆண்கள் எல்லோருமே மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் பேச்சுக் கொடுப்போம். பிள்ளை என்ன படிக்கிறான், மழை வருமா என்று எதையாவது கேட்டால் பதில் சொல்ல வாய் திறப்பார்கள். வயிறு தானாக வெளியே வரும். அந்த நேரத்தில் எண்ணைப் பார்த்துக்கொள்வோம். தையல் கடையில் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

என் கணவர் ஒருவர்தான் மூச்சைப் பிடிக்காமல் நின்றவர். "இதை எங்கேம்மா ஒளிச்சு வைக்கிறது?" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் கடைக்கு வந்த வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிக்கொள்வதற்காக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். பயந்து பயந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ரோடு எங்கேயும் போயிடாது, மெதுவா வாங்க" என்று சொல்வதுதான் வேலை. உட்கார்ந்தே இருக்கிற உடம்பு, அதோடு நல்ல பசி. எந்தக் கடையிலும் அவர் அளவுக்குச் சட்டை கிடைக்காது. தோளுக்குச் சரியாக எடுத்தால் வயிற்றில் பொத்தான் பூட்டாது. வயிற்றுக்குப் பார்த்து எடுத்தால் தோள் முழங்கை வரை தொங்கும். அதனால் என்னிடம் வந்தார். வந்தவர் தொடர்ந்து வந்தார். கல்யாணத்தன்று, "உன்னை விட்டா எனக்கு வேற போக்கிடம் ஏது, கோவணம்தான் கட்டணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைப் பத்திரமாக மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வருஷா வருஷம் அவர் வயிறு வளர்ந்தது, அதற்குத் தகுந்தபடி நான் தைத்தேன். பெல்ட் நிற்காத இடுப்பு என்பதால் பேன்டில் கொக்கி வைத்துக் கொடுப்பேன். அவர் உடம்பில் என் கை படாத துணி ஒன்றுகூடக் கிடையாது.

ஐம்பதைத் தாண்டியபோது டாக்டர் எச்சரித்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டும் வாசலில் நிற்கின்றன, இடுப்பைக் குறைத்தே ஆகவேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்தார். அப்புறம், "நான் போயிட்டா நீ தனியா என்னடி பண்ணுவே?" என்றார். நான் பயந்துபோனேன். அந்த நாளில் இருந்த பயம் சுத்தமான பயம். அதை நீங்கள் நம்ப வேண்டும். நானே சோற்றைக் குறைத்தேன், எண்ணெயைக் குறைத்தேன், பெரிய தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சின்னத் தட்டு வைத்தேன். காலையில் பூங்காவில் நடக்கிற கூட்டத்தில் சேர்ந்தார். அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் கழுத்தில் விசில் தொங்கும், அதனால் அவர் பெயரே விசில்.

அவர் குறைந்தார். நாற்பத்தாறு இருந்த இடுப்பு நாற்பத்திரண்டுக்கு வந்தது. முகம் தெளிந்தது, நடையில் ஒரு துள்ளல் வந்தது. வண்டி பழக வருகிற பெண்கள், "சார், பத்து வயசு குறைஞ்சுட்டீங்க" என்றார்களாம். அதையும் என்னிடமே வந்து சொன்னார். என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாதவர்.

ஒருநாள் கையில் ஒரு பையோடு வந்தார். உள்ளே ரெடிமேட் சட்டை. கண்ணாடி முன்னால் போட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பினார். "கடையில முதல்ல எடுத்துக் கொடுத்ததே பொருந்திடுச்சு. நம்பவே முடியல" என்றார். சட்டை அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. காலரின் உள்ளே யாரோ ஒருவருடைய கடைப் பெயர். "உனக்கும் இனிமே வேலை மிச்சம்டி" என்றார்.

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

என் டேப்பைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். பழைய டேப். முனையில் இருந்த தகடு கழன்று, முதல் இரண்டு அங்குலமும் நைந்து அறுந்துவிட்டன. கைக்குப் பழகியது என்பதால் மாற்றவில்லை. அறுந்த முனையை வைத்து அளப்பேன், வருகிற எண்ணில் இரண்டைக் கழித்துக்கொள்வேன். யோசிக்காமலே கழிக்கிற அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்துவிட்டு வந்து, வேர்வையோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். டேப் நாற்பத்திரண்டு காட்டியது. அவருடைய அளவு நாற்பது.

"எவ்வளவு?"

"நாப்பத்திரெண்டு."

"அப்படியேவா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

டேப்பில் இருந்த எண்ணைத்தான் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. கழிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் வகுப்புக்குக் கிளம்பியதும் அந்த ரெடிமேட் சட்டையைத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். பேன்ட் தளர்ந்தால் சொன்ன அளவு நிற்காது என்று பேன்டையும் பிடித்தேன். நான் தைத்த சட்டைகளையும் பிடித்தேன், அவற்றில் மட்டும் மூச்சுவிட இடம் வைத்தேன். மறுநாள் ரெடிமேட் சட்டையைப் போட்டார். பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. கழற்றி மடித்து வைத்துவிட்டு என் சட்டையை எடுத்துக்கொண்டார். "உன் கைச் சட்டைதான்டி என்னைத் தாங்குது" என்றார். அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். மறைப்பானேன்.

நான் நினைத்தது வேறு. "போதும், இந்த உடம்பு இவ்வளவுதான்" என்று சலித்துக்கொண்டு பெரிய தட்டைக் கேட்டு வாங்கி உட்காருவார், பழையபடி ஆகிவிடுவார் என்று நினைத்தேன். இருபது வருஷத்துக்கு மேல் பார்த்த மனிதரைப் பற்றி நான் போட்ட கணக்கு அது. அவர் பயந்துவிட்டார். காலைச் சாப்பாட்டை விட்டார். அடுத்த வாரமும் நாற்பத்திரண்டு என்றேன். மத்தியானச் சோற்றில் பாதியை விட்டார். அவர் குறைய, துணி தளர்ந்தது. துணி தளர, நான் பிடித்தேன். நான் பிடிக்க, அவர் இன்னும் குறைத்தார். எங்கே நிறுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை.

எடை மெஷின் சொல்லாதா என்று கேட்கிறீர்கள். சொன்னது. எடை குறைகிறது, இடுப்பு ஏன் குறையவில்லை என்று விசிலிடமே போய்க் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் தண்ணி, வாத்தியாரே. இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும். இடுப்புதான் கணக்கு. வீட்டுலயே டெய்லர வச்சுக்கிட்டு உங்களுக்கு என்ன கவலை?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அவர் மெஷினில் ஏறவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. "குறைச்சுட்டுப் போறேன். இப்படியே போய் நின்னா திட்டுவாரு" என்றார்.

கண்ணாடி இருந்தது. அவசரமாக மெலிந்தால் அந்த வயதில் தோல் தொங்கும். தொங்குகிற தோலைப் பிடித்து, "இதோ பாரு, இன்னும் இருக்கு" என்பார். சட்டை போட்டிருந்தால் விலாப்பக்கம் கை வைத்துப் பார்ப்பார். விரலுக்குள் தடிப்பாக ஏதோ சிக்கும். "இது மட்டும் போகவே மாட்டேங்குது" என்று என்னைப் பார்ப்பார். அவர் பிடித்துக்கொண்டிருந்தது நான் உள்ளே மடித்துவிட்ட துணி. "போயிடும்" என்பேன்.

வெளியாட்களும் கேட்கவில்லை. மெலிந்தவர்களை உடம்பு காட்டிக்கொடுப்பதில்லை, தொளதொளவென்ற சட்டைதான் காட்டிக்கொடுக்கும். இவருக்குத் துணி கச்சிதமாக நின்றது. "சார் சும்மா கும்முனு இருக்காரு" என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. எந்நேரமும் பயம்தான். அவர் மாடிப்படி ஏறுகிற சத்தத்தைத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். முன்பெல்லாம் தடதடவென்று கேட்கும். பிறகு ஒவ்வொரு படியாகக் கேட்டது. பிறகு நடுவில் நின்று நின்று கேட்டது. ஒருநாள் பாதியில் நின்ற சத்தம் மறுபடி வரவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். படியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். "ஒண்ணுமில்லடி, தலை சுத்துச்சு" என்றார். எழுப்பிவிடுவதற்காகப் பிடித்த கையில் எலும்புதான் இருந்தது.

இனி உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். டேப்பை எடுத்துச் சுற்றினேன். முப்பத்தாறு காட்டியது. முப்பத்துநாலு என்று சொல்லவேண்டும். போன வாரம் வரை நாற்பத்திரண்டு, இந்த வாரம் முப்பத்துநாலா? எப்படி என்று கேட்பாரே. கேட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? அவர் திரும்பி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இறங்கிடுச்சு பாத்தியா" என்று என் தலையைத் தடவினார். அந்த ஓர் அங்குலத்தை நான் அவருக்காகத்தான் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்தாள். அவருடைய ஒரே தங்கை, வேறு ஊரில் இருப்பவள். கதவைத் திறந்ததும் அண்ணனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னண்ணா இது, முகம் இப்படி ஒட்டிப்போயிருக்கு?"

"அதான் குறைக்கிறேன்ல. இன்னும் இறங்கணும்."

"இன்னுமா? எங்கேருந்து இறங்கறது? காத்துலயா?"

அவள் சட்டையை இடுப்புப் பக்கம் பிடித்துப் பார்த்தாள். சட்டை சரியாகவே இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள். "சட்டையப் பாத்தா ஒண்ணும் தெரியல. முகத்தப் பாத்தாதான் பயமா இருக்கு, அண்ணி" என்றாள்.

"வயசாகுதுல்ல" என்றேன்.

தங்கியிருந்த நாளெல்லாம் அவள் என்னைப் பார்ப்பதும், நான் ஊசியில் நூல் கோப்பதுமாகப் போனது. அவள் ஊருக்குத் திரும்புவதற்குள் அது நடந்துவிட்டது. ஓர் அம்மாளுக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தவர், "லெஃப்ட் எடுங்க" என்று சொல்ல வந்து, பாதியில் கதவுப் பக்கம் சரிந்துவிட்டார். அந்த அம்மாள் பயத்தில் வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறாள். அவர் கண் விழித்திருந்தால் பாராட்டியிருப்பார்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரத்தத்தில் உப்புகள் இறங்கிவிட்டன, இதயம் தடுமாறுகிறது, ஊசி மருந்து ஏறட்டும், ஆனாலும் வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால்தான் தேறுவார். நர்ஸ் கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து ஸ்பூனை உதட்டருகில் நீட்டினாள். அவர் உதட்டை மூடிக்கொண்டு என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"குடிக்கலாமா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "வீட்டம்மா பர்மிஷன் இல்லாம சார் வாயத் திறக்கமாட்டார் போல."

"குடிக்கச் சொல்லுங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

"இப்ப எவ்வளவு இருக்கும்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கஞ்சியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஒரு எண்ணைச் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் சொல்லவேண்டும். நாத்தனார் பக்கத்திலேயே நிற்கிறாள். அதோடு அவர் தேறி, அந்த உடம்போடு எழுந்து நடந்தால், எந்தக் கடையில் நுழைந்தாலும் அவருக்குச் சட்டை கிடைக்கும். அந்த நேரத்திலும் எனக்கு அது தோன்றியது. கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

"கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றேன்.

"அப்ப இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாத்தனார் கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். அவர் என்னைத் தவிர யாரையும் நம்பவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, விடிந்த கொஞ்ச நேரத்தில், போய்விட்டார்.

அவர் உடுத்தியிருந்ததை ஒரு பையில் போட்டு நாத்தனாரிடம் கொடுத்தார்கள். முகத்தில் வைத்து அழுவதற்காகச் சட்டையை எடுத்தவள், உள்பக்கம் வெளியே வந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். விலா ஓரமாக ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தையல் வரிகள். அழுகையை நிறுத்திவிட்டு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். "அண்ணி, இது என்ன?" என்றாள். நான் அதை வாங்கக் கை நீட்டினேன். அவள் அதோடு எழுந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

அவள் சொன்னது எல்லாம் சரி. துணியைப் பிடித்தது நான். அளவைச் சொன்னது நான். கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பட்டினி போட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். மூன்று வேளையும் சமைத்து வைத்திருக்கிறேன். பசிக்கிறது என்று அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை.

இன்னொன்று. நான் தைத்த அந்தச் சட்டையைப் பரிசோதனைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். பிரிக்கத் தெரியாதவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள், கிழித்துவிடுவார்கள். அத்தனை முறை பிடித்தும் உள்ளே மடங்கிய துணியில் ஒரு இழையைக்கூட நான் வெட்டவில்லை. தையலை மட்டும் பிரித்துவிட்டால் நாற்பத்தாறு இடுப்புக்கும் அது பொருந்தும். சாகட்டும் என்று நினைக்கிறவள், அவர் மறுபடி சதை போடுவதற்கு எதற்காக இடம் விட்டு வைக்கிறாள்?