மங்கலமாக ஒரு வரவேற்பு

— கண்ணாடி போட்டு மாட்டப் போறாராம், சந்திரம். முனிசிபல் சேர்மன் தன் ஆபீஸ்ல, அவர் நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவர்ல. நம்ம தெரு நேத்து கொடுத்த வரவேற்புப் பத்திரத்தை. அதாவது, நான் எழுதினதை.

— சந்தோஷங்க. குழாய் என்ன ஆச்சு?

— வந்ததும் வராததுமா குழாயா? கவனி. பாலக்கரையில எத்தனை தெரு அவருக்கு மாலை போட்டுச்சு. பத்திரத்தை மடிச்சுத் தன் பையில வெச்சுக்கிட்டது நம்மளோடதை மட்டும்தான்.

— ஏங்க, குழாய் கேக்கத்தானே அவரைக் கூப்பிட்டோம்? சாரா பீவி அக்கா வீடு வீடா ஏறி இறங்கி மாலைக்கும் சோடாவுக்கும் ஏற்பாடு பண்ணாங்க. மாசமா இருக்கிற நான் உய்யக்கொண்டான் வாய்க்கால்லேருந்து குடம் தூக்கிட்டு வரேன். ‘எங்க தெருவுல குடிக்கத் தண்ணி இல்லை’ன்னு ஒரே ஒரு வரி எழுதுங்கன்னு கெஞ்சினேனே.

— வரவேற்புப் பத்திரத்துல ‘இல்லை’ வரலாமா? அமங்கலம். ‘வறட்சி’ ஆகாது, ‘குறை’ ஆகாது, ‘தாகம்’ கூடவே கூடாது. ஸ்கூல்ல தமிழ் சொல்லித் தர்றவன் நான். என் பேனாவுல அதெல்லாம் எப்படி இறங்கும்?

— அப்ப கிணத்தைப் பத்தி என்ன வாசிச்சீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க.

— ‘தங்கள் திருவடி பட்ட இந்நன்னாளில் எங்கள் தெருக் கிணறும் அமுதம் சுரந்து பொங்கி நிற்கிறது.’ கவனிச்சியா, அந்த இடத்துலதான் அவர் நிமிர்ந்து உக்காந்தார்.

— வாளி விட்டா சேறுதானேங்க வருது.

— சேறுன்னு எழுத முடியுமா? பெரிய மனுஷருக்குக் குறிப்பாச் சொன்னா போதும்.

— வீட்டுலயும் இதே கதைதான். அரிசி தீர்ந்தா ‘நிறைஞ்சிருக்கு’ன்னு சொல்லணும்னு வந்த புதுசுலயே பழக்கிட்டீங்க. இப்பல்லாம் பசிக்குதான்னு யாராவது கேட்டா, நிறைஞ்சிருக்குன்னுதான் வாயில வருது. பசிக்கிறது அப்புறமாத்தான் எனக்கே தெரியுது.

— எவ்வளவு பண்பான பேச்சு பாரு.

— இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. நீங்க வாசிச்சப்ப நானும் கைதட்டினேன். அது எந்தக் கிணறுன்னு ஒரு நிமிஷம் புரியலை. அங்கே போய்த் தண்ணி மொள்ளணும் போல இருந்துச்சு.

— அதான் எழுத்தோட சக்தி. தெருவுல என்ன சத்தம்? எதிர்வீட்டு ஜெகபர் அலி பாய் நம்ம தெரு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வர்றாரோ? பாராட்ட வந்திருப்பாங்க. அந்தச் சரிகைத் துண்டை எடு.

— நீங்க ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப தண்டோரா போட்டுட்டுப் போனாங்க. சேர்மன் உத்தரவாம். பாலக்கரையிலேயே தண்ணிக்குக் கவலைப்படாத தெரு இதுதான்னு எழுத்து மூலமா தெரிஞ்சு ரொம்பப் பூரிச்சுப் போனாராம். அதனால நமக்குக் குழாய் வேண்டியதில்லையாம்.

— படுபாவி மனுஷன்... சரி, பதறாதே. அடுத்த வருஷம் இன்னொரு பத்திரம் எழுதிட்டாப் போச்சு.

— முழுசாக் கேளுங்க. அக்கம்பக்கத்துத் தெருக்காரங்களும் இனிமே நம்ம கிணத்துலயே எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கார். துண்டு வேண்டாங்க, கயிறும் வாளியும் எடுத்துக்கிட்டுப் போங்க. மூணு தெருப் பொம்பளைங்க கிணத்தடியில காலிக் குடத்தோட உங்களைத்தான் தேடிக்கிட்டு நிக்கிறாங்க.