அந்த வீட்டில் குழந்தையே இல்லை

என் பெயர் பிரபாவதி. வயது இருபத்தொன்பது. கணவர் பெயர் இளம்பரிதி. வடலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் குடியிருந்து, அதே வீட்டின் முன் அறையில் தையல் கடை நடத்தி வருகிறேன். எனக்கு அபி என்று ஐந்து வயதில் ஒரே மகள். மகளிர் காவல் நிலையத்தில் ஆய்வாளர் முன்பாக இதைச் சொல்கிறேன். நிதானமாகப் பேசும்படி ஆய்வாளர் அம்மா சொன்னார். எனக்கு நிதானமாகப் பேச வராது, எழுதுகிறவர்தான் கொஞ்சம் வேகமாக எழுத வேண்டும் என்று சொன்னேன்.

என் கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் தண்ணீர் லாரி ஓட்டி வந்தார். கம்மாபுரத்தில் அவருடைய வீட்டில் இருந்தபோது எங்களுக்குள் அடிக்கடி தகராறு வந்தது. தகராறுக்கு என்ன காரணம் என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். வாய்தான் காரணம், அவருக்கு ஒரு வாய், எனக்கு இரண்டு வாய் என்று சொன்னேன். அவர் என்னை அடித்ததில்லை, குழந்தைமேல் உயிரையே வைத்திருந்தார், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு நான் அபியைக் கூட்டிக்கொண்டு வடலூருக்கு வந்து தனியாகக் குடியிருந்தேன்.

போன கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வண்டியில் வந்தார். "பாப்பாவுக்குச் செருப்பு வாங்கிக் குடுத்துட்டு சாயந்திரம் வுட்டுட்றேன்" என்றார். நானும் தலை சீவி, புதுக் கவுன் போட்டு அனுப்பி வைத்தேன். சாயந்திரம் வரவில்லை. போன் அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் கம்மாபுரம் போனேன், எங்களுக்கும் தெரியாது என்று அவர் வீட்டார் சொன்னார்கள். அதன்பிறகு இதே நிலையத்தில் புகார் கொடுத்தேன். குழந்தையை என் பொறுப்பில் விடும்படி நீதிமன்றத்தில் அவசர மனுவும் போட்டேன். அவருக்கு நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும், அதற்கு முகவரி வேண்டும் என்று வக்கீல் சொன்னார். கம்மாபுரத்துக்கு அனுப்பிய நோட்டீஸ் எல்லாம் திரும்பி வந்தது. முகவரி தெரிந்திருந்தால் நான் ஏன் வக்கீலிடம் போகப்போகிறேன், நேரே போய்க் கதவைத் தட்டியிருக்க மாட்டேனா என்று கேட்டதற்கு வக்கீல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொங்கலுக்கு நான் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

இந்த வாரம் திங்கட்கிழமை, என் கணவரோடு லாரி ஓட்டிய மாடசாமி தன் மனைவியின் ரவிக்கையை வாங்கக் கடைக்கு வந்தார். "அண்ணி, பாப்பாவ டவுன்ஷிப்ல பாத்தேன். ஒரு பாய் வூட்டம்மா கையப் புடிச்சிக்கினு போயிக்கினு இருந்திச்சி" என்றார். சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் அந்த டவுன்ஷிப்பில் எந்த பிளாக், எந்தத் தெரு என்பதையும் சொன்னார். அடுத்த நாளே நானும் ஒரு பெண் காவலரும் ஜீப்பில் அந்தத் தெருவுக்குப் போனோம். நான் பேசினால் காரியம் கெட்டுவிடும், சும்மா நில்லுங்கள் என்று காவலர் சொன்னதால் வாயை மூடிக்கொண்டு பின்னால் நின்றேன். அவர் என் கணவரின் போட்டோவைக் காட்டி, இந்த ஆள் ஒரு குழந்தையோடு இங்கே இருக்கிறாரா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டார். கடைசி வீட்டில் கதவைத் திறந்த அம்மாள், "இங்க சாரும் அவரு பேமிலியும்தாங்க இருக்காங்க. வேற யாரும் இல்லீங்க. பக்கத்து வூட்டுலயும் அப்படித்தாங்க. கொழந்தையே இல்லீங்க" என்றார். திரும்பி வரும்போது ஜீப்பில் அழுதேன்.

மறுநாள் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கேட்டது இளம்பரிதியை. அந்த அம்மாள் எதற்கு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்? குவார்ட்டர்ஸ் கிடைப்பது சுரங்கத்தின் பெர்மனென்ட் ஆட்களுக்கு, சார் என்று அந்த அம்மாள் சொன்னது அப்படி ஒருவரைத்தான். அதில் சிலர் வெளியே சொந்த வீடு கட்டிப் போய்விட்டு, குவார்ட்டர்ஸை உள்வாடகைக்கு விடுவார்கள். அது கூடாது. அதனால் சோதனைக்கு ஜீப் வந்தால் போதும், தெரு முழுக்க ஒரே பதிலைச் சொல்லும். கல்யாணமான புதிதில் நாங்களும் அப்படித்தான் குடியிருந்தோம். சோதனைக்கு வந்தவரிடம் நானே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று, "நான் விருந்தாளிங்க, வளைகாப்புக்கு வந்தேன்" என்று சொல்லியிருக்கிறேன். இவர்கள் என் புருஷனை மறைக்கவில்லை, வீட்டை மறைக்கிறார்கள் என்று புரிந்ததும் தைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

அந்தத் தெருவில் இறங்கி நடுவில் நின்று சத்தம் போட்டேன். "நான் ஜீப்பு ஆளு இல்லீங்க! யாரு வாடகைக்கு இருந்தா எனக்கு இன்னா? எனக்கு வூடு வேணாம், எம் புள்ளய குடுங்க!" என்று கத்தினேன். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. முந்தின நாள் பேசிய அதே அம்மாள் கையில் கரண்டியோடு வெளியே வந்தார். அவர் பெயர் ஜான் பீவி. "நீ அபியோட அம்மாவா? வெளியூர்ல வேலைக்குப் போயிருக்கான்னுல்ல தம்பி சொன்னாரு!" என்றார். என் கணவர் பக்கத்து வீட்டில் உள்வாடகைக்கு இருந்திருக்கிறார். வடக்கே ஏதோ மின் நிலையத்தில் மிஷினை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலைக்குப் போகிறேன், வந்ததும் பாப்பாவையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லி, அபியை ஜான் பீவியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சொன்ன நாளுக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. எந்த ஊர் என்று கான்ட்ராக்டருக்கும் தெரியவில்லை.

அதற்குள் பீரோவுக்குப் பின்னாலிருந்து அபி ஓடி வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீ நேத்து போலீசோட வந்தல்ல? ஜன்னல்ல பாத்தேன். நான் சத்தமே போடலியே! ஜீப்பு வந்தா சத்தம் போடக் கூடாதுன்னு பீவிம்மா சொல்லியிருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னாள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜான் பீவி தலையில் அடித்துக்கொண்டு, "யா அல்லா, பெத்தவள வாசல்ல நிக்க வெச்சிட்டு புள்ளய உள்ள ஒளிச்சி வெச்சேனே, நான் மனுசியா!" என்று அழுதார். அவரைத் திட்டுவதற்கு பஸ்ஸிலேயே நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். குழந்தைக்கு எண்ணெய் தடவி இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. கன்னம் உப்பியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அபியை உடனே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு என்னை நம்பி வுட்டுட்டுப் போயிருக்காரு. நாளைக்கு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? ஸ்டேஷன்ல வெச்சி கைல குடுக்கறேன்" என்றார். ஸ்டேஷனுக்கு வந்தால் குவார்ட்டர்ஸ் விஷயம் தெரிந்துவிடுமே என்று நான்தான் கேட்டேன். அவர் வீடும் உள்வாடகைதான். "வூடு போனா வேற வூடு" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்து எங்களோடு கிளம்பினார்.

அதன்பிறகு குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் காட்டினார்கள். அபி பதில் சொன்னதைக் கேட்டுவிட்டு, நீதிமன்ற உத்தரவு வரும்வரை தாயிடமே இருக்கட்டும் என்று சொன்னார்கள். நேற்று ராத்திரி அபி என் வீட்டில் தூங்கினாள். நானும் தூங்கினேன். ஜான் பீவியும் இன்று சாட்சி சொல்ல வந்திருக்கிறார், முகவரியாகச் சொந்த ஊரான குள்ளஞ்சாவடி விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். குவார்ட்டர்ஸ் யார் பேரில் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அது இந்தப் புகாருக்குச் சம்பந்தமில்லை என்று ஆய்வாளர் அம்மாவும் விட்டுவிட்டார்.

என் கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாததால், அவருக்காகக் காத்திருக்காமல் அபியை என் பொறுப்பில் விட்டு அவசர உத்தரவு தர வேண்டும். உத்தரவில்லாமல் அவர் குழந்தையை ஊர் தாண்டிக் கூட்டிப் போகக் கூடாது. வந்தால் என் கடையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அவரையும் தேடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கேயாவது நன்றாக இருக்கட்டும், எனக்குத் திட்டுவதற்காவது ஆள் வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னதுதான், எல்லாம் நடந்ததுதான். கையெழுத்துப் போடும்வரை குழந்தையை வைத்துக்கொள்கிறேன் என்று ஆய்வாளர் அம்மா கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அபி என் வலது தோளில் தூங்குகிறாள், அதனால் இடது கையால் போட்டிருக்கிறேன். கோணலாக இருந்தாலும் இது என் கையெழுத்துதான்.

(ஒப்பம்) இ. பிரபாவதி