சத்தம் கசியாத சுவர்

— முதல்ல இருக்கறதை எடுத்துடு, அக்கா.

— எதை?

— உன் லிஸ்ட்ல முதல்ல இருக்கறதை. பல்வலி பசங்க கச்சேரியை.

— வந்ததும் வராததுமா... உட்காருடா. டீ ஆறுது.

— எடுத்துட்டியா?

— ஏன் எடுக்கணும்? இந்த வாரம் ஊர்ல இருக்கறதே அஞ்சு ராக் கச்சேரி. அதுல உருப்படி அது ஒண்ணுதான். நாலு மணிக்குப் பத்திரிகைக்கு அனுப்பணும். குறுக்க விழாதே.

— மத்த நாலும் நல்லாத்தானே இருக்கு.

— படிக்கிறேன் கேளு. 'நேரில் போய்க் கேட்க வேண்டியவை. இரண்டு: கடைசிப் பேருந்து. இரண்டு கிட்டார், ஒரு கோபம். புதன் மாலை, நூலக மாடி. மூன்று: ஈரச்செங்கல். புதிய பாடகி பாடுவதில்லை, வழக்காடுகிறார். வியாழன், பழைய நீச்சல் குளம். தண்ணீர் இல்லை, எதிரொலி உண்டு...'

— நல்லா இருக்கே. அதை முதல்ல போடு.

— நீச்சல் குளத்தையா? போன தடவை அங்க பாதிப் பேர் பாட்டுக்கு நடுவுல போன் பார்த்துட்டு இருந்தாங்களாம். 'ஒன்று: பல்வலி. சனி மாலை ஆறு மணி, கிடங்கு. அந்த நிலவறையிலிருந்து ஒரு சொட்டுச் சத்தம் வெளியே கசியாது. முழுவதும் உள்ளே இருப்பவர்களுக்கே.' என்னடா? நல்லா இல்லையா?

— கிடங்குல யார் பாடினாலும் அந்த வரியை எழுதிடற.

— எந்த வரி?

— ஒரு சொட்டுச் சத்தம். ஒரு வருஷமா அதையே எழுதற.

— நல்ல வரி. படிக்கறவங்களுக்குப் பிடிக்குது. உனக்கு என்ன வந்துச்சு?

— பாடகனுக்குத் தொண்டை கட்டியிருக்கு, அக்கா. போனா ஏமாந்துடுவாங்க.

— அவனுக்கா? காலையில போன் பண்ணி அரை மணி நேரம் என் காதைத் தின்னான். தொண்டை அருமையா இருக்கு.

— அப்புறம் கட்டியிருக்கும்.

— பொய் சொல்ல நீ இன்னும் கத்துக்கலை. சின்ன வயசுல ஜாடியை உடைச்சுட்டுப் பூனை மேல பழி போட்ட. நம்ம வீட்ல பூனையே கிடையாது.

— அக்கா... விளையாடாதே.

— அந்தச் சுவரை நோண்டாதே. கிட்டார் பிக் கழண்டு வந்துடும்.

— நான் அடிச்சது கழலாது. ஸ்க்ரூ தலை இந்த ஃபோம் மெத்தையைக் கிழிக்காம இருக்கத்தானே பிக்கே வைக்கிறேன்.

— கம்பி மீட்டற பிக்கை வாஷராப் போடற ஆளு ஊர்லயே நீ ஒருத்தன்தான். அடிச்சு மூணு வருஷம் ஆச்சு, பக்கத்து வீட்டம்மா சத்தம்னு ஒரு நாள்கூடக் கதவைத் தட்டலை. என்ன கத்தினாலும் வெளிய கேட்காது... ஏன்டா, டீயை ஏன் அப்படியே வச்சிருக்க?

— டீயில சர்க்கரை இல்லை.

— நீ இன்னும் குடிக்கவே இல்லை. சொல்லுடா.

— கிடங்குல எத்தனை பேர் நிக்கலாம்னு தெரியுமா உனக்கு?

— நூத்தம்பது.

— உன் லிஸ்ட்ல முதல்ல வந்தா எத்தனை பேர் வருவாங்க தெரியுமா? போன தடவை நானூறு. ஓனர் ஒருத்தரையும் திருப்பி அனுப்பலை. ஸ்பீக்கர் மேலயே ஏறி நின்னாங்க. நான் சவுண்ட் மிக்ஸர் பார்க்கறேன், பின்னாடி நின்னவன் மூச்சு என் கழுத்துல பட்டுட்டே இருந்துது.

— ராக் கச்சேரின்னா அப்படித்தான். நீ என்ன கோயில் மணி ஓசையா எதிர்பார்த்த?

— நாளைக்குப் பல்வலி பொறி விடப் போறாங்க.

— என்ன பொறி?

— மேடைல. கடைசிப் பாட்டுக்கு ரெண்டு பக்கமும் நெருப்புப் பொறி. ஆளு உயரம் எழும்பும். செவ்வாய்க்கிழமை ஒத்திகையில விட்டுப் பார்த்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நான் மேல பார்த்தேன்.

— மேல என்ன?

— ஃபோம். இந்த அறையில இருக்கே, இதே மாதிரி. இதைவிட மலிவு.

— ...சரி. பாடகன்கிட்டப் பேசறேன். பொறி வேண்டாம்னு சொல்றேன். சொன்னா கேட்பான்.

— கேட்க மாட்டான். பொறிக்காகவே போஸ்டர் அடிச்சிருக்கான். நீ எடுத்துடு. லிஸ்ட்ல இல்லைன்னா நூறு பேர்தான் வருவாங்க. நூறு பேர்னா படிக்கட்டுல ஏறிடலாம்.

— படிக்கட்டு ஒண்ணுதானா? பின்கதவு இருக்குல்ல? பின் சந்துல. பச்சைக் கதவு.

— அது வெளியில.

— வெளியிலன்னா?

— வெளியில நின்னு பார்த்தா கதவு இருக்கு. கைப்பிடி இருக்கு. அதிகாரி வந்தா சந்துல நின்னு பார்ப்பாரு, டிக் போடுவாரு, போயிடுவாரு. உள்ள இருந்து பார்த்தா கதவு இல்லை. சுவர்தான். கறுப்புச் சுவர்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— அங்க வேலை பார்க்கறேன்ல.

— வேலை பார்க்கற எல்லாருக்கும் தெரியுமா?

— ...மாடில குடியிருக்கறவங்க புகார் பண்ணிட்டே இருந்தாங்க. பேஸ் கிட்டார் சத்தத்துல பாத்திரமெல்லாம் ஆடுதுன்னு. ஓனர் பயந்துட்டாரு. சத்தம் எங்க கசியுதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னாரு. அதுக்கு ஒரு வழி இருக்கு. பேஸை ஓட விட்டுட்டு சுவர் முழுக்க உள்ளங்கையை வச்சுட்டே நடக்கணும். எங்க அதிருதோ அங்க ஓட்டை.

— கதவு அதிர்ந்துது.

— கதவு மட்டும்தான் அதிர்ந்துது. வேற எங்க அதிரும்? சத்தம் வெளிய போற வழியும் ஆள் வெளிய போற வழியும் ஒண்ணுதானே. அடைச்சாச்சு. போர்டு, பஞ்சு, மேல ஃபோம். மூணு அடுக்கு.

— யாரு அடைச்சது?

— ஓனர் ஆள் வச்சாரு.

— யாரை?

— ஒருத்தனை. விடு அக்கா. மணி என்ன?

— மூணு.

— எடுத்துடுவியா?

— எடுத்தா மட்டும்? போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியிருக்கு. வர்றவங்க வரத்தான் போறாங்க. அஞ்சு பசங்க, ஒரு வருஷமா சொந்தமாப் பாட்டு கட்டி, வேலையை விட்டுட்டு... நான் எடுத்தா அவங்க முடிஞ்சாங்க.

— நீ வந்து பார்த்தா இப்படிப் பேச மாட்டே. நீ எங்க வர்ற? ஒரு வருஷமா ஒரு கச்சேரிக்கும் வரலை. வீட்ல உட்கார்ந்து ரெகார்டிங் கேட்டுட்டு, நேரில் போய்க் கேட்க வேண்டியவைன்னு எழுதற.

— முழங்கால் வலிடா. நிக்க முடியலை.

— அங்கதான் பல்வலி, இங்க முழங்கால் வலியா?

— போடா.

— சிரிக்காதே அக்கா. எனக்குச் சிரிப்பு வரலை. செவ்வாய்க்கிழமை எல்லாரும் போன பிறகு அங்க தனியா நின்னு கை தட்டினேன். காலி அறையில கை தட்டினா சத்தம் எங்கயாவது போகும், இல்லைன்னா திரும்பி வரும். அது ரெண்டும் பண்ணலை. அப்படியே செத்துடுச்சு. அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை.

— அந்தப் பையில என்ன?

— ட்ரில்.

— எதுக்கு?

— காலையில போனேன். கழட்டிடலாம்னு. ஓனர் விடலை. கச்சேரி முடியட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்கிறாரு. இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையேங்கிறாரு.

— ...ஆகலைதான்.

— நீயும் அதையே சொல்றியா?

— நான் ஒண்ணும் சொல்லலை. நான் என்ன செய்யணும்கற? தீயணைப்புக்குச் சொல்லவா?

— ஐயோ, வேண்டாம்! அங்கெல்லாம் போகாதே. யாரு அடைச்சதுன்னு நோண்டுவாங்க. நீ லிஸ்ட்ல இருந்து மட்டும் எடு. அது போதும்.

— அது போதாதுன்னு உனக்கே தெரியும்.

— அக்கா, கடைசியா ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது.

— சொல்லு.

— சுண்டு என்கிட்ட டிக்கெட் கேட்டா.

— எந்தச் சுண்டு?

— உனக்கு எத்தனை சுண்டு இருக்கு? உன் பொண்ணுதான்.

— எதுக்கு டிக்கெட்?

— நாளைக்குத்தான். 'மாமா, அம்மாகிட்டச் சொல்லாதீங்க'ன்னா. நான் இல்லைன்னுட்டேன். வேற யார்கிட்டயோ வாங்கிட்டா. நாலு பேராப் போறாங்க. மேடைக்குக் கீழயே நிக்கப் போறாங்களாம்.

— நாளைக்குப் படிக்கப் போறேன்னா... தோழி வீட்டுக்கு...

— தோழியும்தான் வர்றா.

— அங்க மட்டும் காலை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே! எங்க வேணா போ, கிடங்குக்குப் போகாதேன்னு எத்தனை தடவை...

— என்னது?

— ஒண்ணுமில்லை. அந்தப் போனை எடு.

— கிடங்குக்கு மட்டும் போகக் கூடாதுன்னு சொன்னியா?

— கூட்டம்னு சொன்னேன். போனை எடுடா.

— நீச்சல் குளத்துக்குப் போகலாம், நூலக மாடிக்குப் போகலாம்...

— எடுக்கறியா, நானே எடுக்கவா? சுண்டுவுக்கு இல்லைடா. அவளை நான் அறையில போட்டுப் பூட்டிடுவேன். மத்தவங்க பிள்ளைங்களை யாரு பூட்டுவாங்க?

— யாருக்குப் பண்ணப் போற?

— தீயணைப்புக்கு.

— அக்கா, வேண்டாம். என் வேலை போயிடும். உள்ள தூக்கி வச்சுடுவாங்க.

— உன்னை ஏன் வைக்கணும்? சொல்லிடு. யாரு அடைச்சது?

— நான்தான்.

— ம்.

— அவங்க கேட்டாங்க, நான் செஞ்சேன். சுத்தமா செஞ்சேன். ஒரு இழை அதிரலை. அன்னிக்கு எனக்குப் பெருமையா இருந்துது, அக்கா. அது கதவுன்னு எனக்குத் தோணவே இல்லை. ஓட்டைன்னுதான் பார்த்தேன்... ஏன் நீ கத்த மாட்டேங்கற? கத்தேன்.

— கத்தி என்ன ஆகப் போகுது? ஸ்பீக்கர்ல போடறேன். அடிக்குது. பேசாம இரு.

— தீயணைப்பு நிலையம், சொல்லுங்க.

— வணக்கங்க. நாளைக்குச் சாயங்காலம் கிடங்குன்னு ஒரு நிலவறை அரங்கத்துல கச்சேரி. நானூறு பேர் வருவாங்க. நெருப்புப் பொறி விடறாங்க. அங்க பின்கதவு கிடையாது.

— ஒரு நிமிஷம் இருங்கம்மா... கிடங்கு... இருக்கே. பின் சந்து, பச்சைக் கதவு. போன மாசம் பார்த்துட்டு வந்திருக்காங்க.

— வெளிய இருந்து பார்த்திருக்காங்க. உள்பக்கம் அடைச்சாச்சு.

— யாரு சொன்னது?

— அடைச்சவன் என் பக்கத்துல இருக்கான். என் தம்பி. பேசுடா.

— நான்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. போர்டு, பஞ்சு, ஃபோம்.

— ஃபோம் தீப்பிடிக்குமா?

— ...பிடிக்குங்க.

— கழட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

— ட்ரில் இருந்தா அரை மணி. பையில வச்சிருக்கேன்.

— எடுத்துட்டு நேரா அங்க வாங்க. எங்க வண்டியும் கிளம்புது. நாங்க பார்க்கற வரைக்கும் எதையும் தொடாதீங்க. கதவு திறக்கற வரைக்கும் அங்க ஒண்ணும் நடக்காது. அம்மா, நீங்க வைக்காதீங்க. புகார் கொடுக்கறது நீங்கதானே? நீங்க யாருன்னு எழுதணும்.

— வாராவாரம் பத்திரிகையில கச்சேரிப் பட்டியல் எழுதறவ.

— அட, நீங்களா? என் பையன் உங்க லிஸ்ட்டைப் பார்த்துட்டுத்தான் போவான். கிடங்குக்குத்தான் அடிக்கடி போறான்... அம்மா, லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— கதவு இல்லைன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?

— இன்னிக்குத்தாங்க! நான் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். இப்பத்தான் சொன்னேன். அவளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

— தம்பி, நீங்க இருங்க. அவங்க சொல்லட்டும். இன்னிக்குத்தானாம்மா?

— இல்லைங்க. போன வருஷம் அங்க ஒரு கச்சேரியில கரண்ட் போச்சு. நான் உள்ள இருந்தேன். இருட்டுல எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் தள்ளினாங்க, நான் கதவைத் தேடிப் பின்னாடி போனேன். சுவரைத் தடவினேன். கதவு இல்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கு அடியிலயும் ஒரு கிட்டார் பிக் கையில தட்டுச்சு. எண்ணினேன், பதினாறு. யாரு வேலைன்னு விரலுக்கே தெரிஞ்சுது. கரண்ட் வந்துது. வீட்டுக்கு வந்து, ஒரு சொட்டுச் சத்தம் வெளியே கசியாதுன்னு எழுதினேன்.