இரண்டு மீட்டர் வடக்கே

ஃபூல் மொச்சையை எலுமிச்சை பிழியாமல் தின்பவர்களை நான் நம்புவதில்லை. தலைமைப் பொறியாளர் சப்ரி அப்படித் தின்பவர். அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா.

என் பெயர் வக்தி ஹபஷி. இருபத்தாறு வருடமாக நில அளவையாளன். ஃபூகாவுக்குத் தெற்கே பழைய யுத்தத்தின் கண்ணிவெடிகள் இன்னும் புதைந்து கிடக்கின்றன. அந்த நிலத்தில் ஆறு மீட்டர் அகலத்துக்கு ஒரு பாதையைச் சுத்தம் செய்து, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்களாகக் கொடுத்திருந்தார்கள். அந்த எண்களை ஜிபிஎஸ்ஸால் தேடி, பாதையின் இரு ஓரங்களிலும் வெள்ளை முளை அடிப்பது என் வேலை.

சப்ரி எனக்குக் கொடுத்தது ஒற்றை அலைவரிசைக் கருவி. அதற்குத் துணையாக இருந்த நிலையமோ இருநூறு கிலோமீட்டர் தள்ளி அலெக்சாந்திரியாவில். செயற்கைக்கோளின் சமிக்ஞை மேல்வானத்தில் தாமதமாகும். துணை நிலையம் பக்கத்தில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே தாமதம், கழித்துவிடலாம். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வானமே வேறு.

"பாஷ்முஹந்திஸ், பக்கத்து மேட்டுல நமக்குன்னு ஒரு நிலையம் வெச்சுக்கலாம். இல்லன்னா மத்தியான வெயில்ல ரெண்டு மீட்டர்கூட தள்ளிப்போகும்" என்றேன் சப்ரியிடம்; பொறியாளர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

"பாலைவனத்துல ரெண்டு மீட்டரா? யாரு கேக்கப்போறா, ஒட்டகமா? மேடு ஏற உடம்பு வளையல, வானத்து மேல பழி போடுறே."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் ரெண்டு மீட்டர். சமையல்காரன்கூட, "உஸ்தா, ரொட்டியைக் கையில தரவா, ரெண்டு மீட்டர் தள்ளி வைக்கவா?" என்று கேட்டான். சிரிக்காதவன் ஒருவன்தான்: காவலாளி மப்ரூக், அந்தப் பக்கத்து பதூவின் நாடோடி இனத்தவன். எனக்குத் தேநீர் கொண்டுவருவான், சர்க்கரை தூக்கலாக.

இதுவரை நீங்கள் என் பக்கம்தான் இருப்பீர்கள்.

முளை அடித்து முடித்த மறுவாரம், நண்பனிடம் இரட்டை அலைவரிசைக் கருவி ஒன்றை இரவல் வாங்கினேன். வானத்தின் தாமதத்தை அதுவே கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளும். அதை என் முளைகள் மேல் மணிக்கணக்கில் வைத்துப் பார்த்தேன். வடக்கு ஓரத்து முளைகள் ஒன்று புள்ளி எட்டு மீட்டர் தள்ளி, வெடிகள் கிடக்கும் பக்கம் நின்றன. நான் சொன்னது சரி. இத்தனை மனநிறைவு என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை. யாரிடமும் சொல்லவில்லை. துல்லியத்துக்கு உத்தரவாதமில்லை என்று என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. சப்ரி படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பாதையை ஒப்படைக்கும் நாளில் சப்ரி ஒவ்வொரு முளையையும் கைத்தடியால் தட்டிக்கொண்டே நடப்பார். அது அவர் வழக்கம். எப்போதும் வடக்கு ஓரம்தான், நிழல் பாதை மேல் விழாமல் இருக்குமாம்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு முதலாளியோடு வந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பேசிக்கொண்டே, "மப்ரூக், நீ முன்னால நட. பாதை எவ்வளவு பத்திரம்னு முதலாளி பாக்கட்டும். நான் பின்னாலயே வரேன்" என்றார்.

மப்ரூக் தேநீர்த் தட்டை என் கையில் கொடுத்தான்.

"உஸ்தா வக்தி, வடக்கு முளைய ஒட்டியே போலாம்ல?"

நான் தட்டிலிருந்த தேநீரை எடுத்து உறிஞ்சினேன்.

"நீங்க அடிச்ச முளைதானே, தப்பா இருக்காது" என்று அவனே சொல்லிக்கொண்டு நடந்தான்.

ஆறு முளைகளைத் தாண்டினான். ஏழாவதற்கு முன்னால் வெடித்தது.

அவ்வளவு நேரம் இருந்தும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள், ஐயா. அவன் பத்திரமாகத் தாண்டிவிட வேண்டும் என்று மனமாரப் பிரார்த்தித்தேன். அவன் தாண்டினால்தானே பின்னால் சப்ரி வருவார்.